குதிரைப் படமா, லாரிப் படமா

எந்தப் படம் ஓடியது, எந்தப் படம் படுத்தது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்து கொடுப்பது என் வேலை. நடிகரின் முகத்தை அப்படியே போட முடியாது. ஆனால் பிள்ளைகள் பார்த்ததும் ‘அந்தப் படம்!’ என்று கத்தும்படி ஒரு மீசை, ஒரு சட்டை, ஒரு வண்டி வரைந்துவிடலாம். அதனால் எந்தப் படம் ஜனங்கள் மனதில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதும் என் தலையில்தான் விழும்.

என் தங்கை வீட்டுக்காரர் பல வருடம் அடுத்தவர் கம்பெனியில் போர்மேனாக இருந்துவிட்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு சின்னப் பட்டாசு யூனிட்டைக் குத்தகைக்கு எடுத்தார். தங்கையின் நகையெல்லாம் அதில் போனது. இந்த வருடச் சரக்கு போகவில்லையென்றால் இரண்டு பேரும் மறுபடி கூலிக்குத்தான் கம்பெனி வேன் ஏற வேண்டும். பொங்கல் முடிந்த கையோடு மாப்பிள்ளை அச்சகத்துக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“மச்சான், போன வருசம் ரெண்டு படம் பெருசுங்காக. குதிரையில வருவாரே, அது ஒண்ணு. லாரி ஓட்டுவாரே, அது ஒண்ணு. பெட்டியில எதைப் போடட்டும்?”

“ரெண்டையும் போடுவோமே மாப்ளே.”

“ஒரு லேபிளுக்குத்தான் நமக்குத் தெம்பு இருக்கு. நீங்க சொல்லுங்க, அதையே அடிச்சிருவோம்.”

போனில் வசூல் கணக்கைத் தேடினேன். ஒருவர் குதிரைதான் முதலிடம் என்றார். அடுத்தவர் லாரி என்றார். ஒருவர் உலகம் முழுவதற்கும் வசூல் சொன்னார், ஒருவர் தமிழ்நாட்டுக்கு மட்டும், ஒருவர் முதல் மூன்று நாளுக்கு. கீழே ரசிகர்கள் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோடிகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தலை கிறுகிறுத்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் விலையைக்கூட இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்லமாட்டார்கள்.

கடைசியில் என் கண்ணையே நம்பினேன். படம் வந்தால் இரண்டாவது வாரம் தியேட்டருக்குப் போய்க் கூட்டத்தைப் பார்ப்பது என் பழக்கம். முதல் வாரக் கூட்டம் ரசிகர் கூட்டம், அதை நம்ப முடியாது. லாரிப் படத்துக்கு ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சியில் என்னையும் சேர்த்துப் பதினோரு பேர். சந்தேகத்தில் இரண்டு தடவை எண்ணினேன். அதே தியேட்டரில் குதிரைப் படத்துக்கு டிக்கெட் வாங்குவதற்குள் என் சட்டைப் பொத்தான் தெறித்துவிட்டது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

“குதிரை மாப்ளே. கண்ணை மூடிட்டு அடிங்க” என்றேன். பிடரி பறக்கும் வெள்ளைக் குதிரை. நான் வரைந்ததிலேயே நல்ல குதிரை அது.

சித்திரையில் சேலத்திலிருந்து வந்த ஏஜெண்ட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “லாரி போட்டது இல்லீங்களா? எங்க ஊருப் பசங்க அந்தப் பாட்டைத்தான் பாடிட்டுத் திரியறாங்க. இந்தக் குதிரைப் படத்தை ஒரே வாரத்துல தூக்கிட்டாங்களே.”

அடுத்து வந்த திருச்சிக்காரரும் அதையே சொன்னார். குதிரைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள் எண்ணி இரண்டே பேர். மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊரெல்லாம் ஜெயித்த படம் சிவகாசியில் மட்டும் எப்படித் தோற்கும்? போன் பொய்யா, ஏஜெண்டுகள் பொய்யா, என் கண் பொய்யா? ஒன்றும் விளங்கவில்லை.

லாரி லேபிளை என் செலவில் அடித்துத் தருகிறேன் என்று சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வெளியே போயிருந்தார். தங்கை தனியாக உட்கார்ந்து பெட்டிகளில் என் குதிரையை ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் புலம்பித் தீர்த்தேன்.

“பதினோரு பேருதானா? அந்தப் படம் எப்பண்ணே வந்துச்சு?”

“புரட்டாசியில.”

அவள் சிரித்துவிட்டாள். “தீவாளிக்கு முந்துன மாசம் எங்களைத் தியேட்டர்ல போயா தேடுனீக? சீசன்ல எங்களுக்கு ஏதுண்ணே ஞாயித்துக்கெழம? விடிய முன்ன வேன் ஏறுனா இருட்டித்தானே எறங்குவோம். குதிரைப் படம் தீவாளிக்கு வந்துச்சு. கம்பெனி பூராம் மாசக் கணக்குல லீவு, கையில போனசு. அப்ப எந்தக் கழுதை வந்திருந்தாலும் அம்புட்டுப் பேரும் போயிருப்போம்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். ‘சீசன், அவசரம்’ என்று சொல்லித்தான் அந்தப் புரட்டாசி முழுக்க என்னிடமும் லேபிள் வாங்கினார்கள். காலியாகக் கிடந்த இருக்கைகளைப் பார்த்தேனே தவிர, அதில் உட்கார வேண்டியவள் என் தங்கை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் அடுத்த பெட்டியை எடுத்தாள்.

“அது சரி, அந்த லாரிப் படம் எப்பிடி இருந்துச்சுண்ணே? கதையைத்தான் சொல்லுங்களேன்.”

யோசித்துப் பார்த்தேன். நடு வரிசையில் நாலு பேர், பின்னால் ஐந்து பேர், ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவர், நான். அவ்வளவுதான் நினைவுக்கு வந்தது. அந்த லாரி எங்கிருந்து எங்கே போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.