மேல்வீட்டுக்குக் கொடுத்த கோரைப்பாய்

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் நாங்கள் குத்தகைக்கு உழுத நிலம் வழக்கில் கைவிட்டுப் போனதும், மகன் தஞ்சாவூரில் வாங்கியிருந்த ப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். அரசாங்கம் வீட்டுக்கு வீடு கிரைண்டர் கொடுத்த சமயம் அது. என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ராத்திரியெல்லாம் இருமுவார். பகலில் கண்ணயர்ந்தால்தான் உண்டு. தூங்கினால்தான் உடம்பு தேறும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

அப்போது பார்த்து மேல்வீட்டுக்காரர்கள் பழைய தரையைப் பெயர்த்துவிட்டு கிரானைட் போட்டார்கள். அதோடு போயிற்று தூக்கம். அவர்கள் நாற்காலியை இழுத்தால் எங்கள் தலைமேல் மரம் அறுப்பது போல இருக்கும். கிரைண்டரையும் தரையில் வைத்துத்தான் ஓட்டுவார்கள். இவர் திடுக்கென்று விழித்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

"கடைமடைக்குத் தண்ணிதான் ஒழுங்கா வந்ததில்ல. சத்தம் மட்டும் முறை வைக்காம வருது பாரு. மேல போயி சொல்லிட்டு வா" என்றார்.

வெறுங்கையோடு போய்க் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெரிய கோரைப்பாயாக ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். நாற்காலிக்கு அடியில் விரித்தால் சத்தம் அமுங்குமே என்று நினைப்பு.

கதவைத் திறந்த அந்த வீட்டுப் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க பெரியம்மா! என்ன, பொண்ணுக்குச் சீர் கொண்டாந்த மாதிரி பாயோட வந்திருக்கீங்க?"

"இல்லம்மா, புதுத் தரை... அதான்..." சத்தம் என்ற வார்த்தையைச் சொல்லாமலே பாயை நீட்டினேன்.

"உக்காருங்க" என்று நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப் போட்டாள். கீழே இவர் விழித்திருப்பார்.

"இங்கயே விரிச்சுப் போடேம்மா" என்றேன்.

"ஐயோ, ஆசையா குடுத்தத நாக்காலிக்கு அடியில போட்டு மிதிக்கிறதா? வீட்ல ஒரு விசேஷம்னா எடுத்துக்கிறேன்."

பாயைப் பரணில் வைக்க, அதே நாற்காலியை மறுபடியும் இழுத்து, மேலே ஏறினாள்.

கீழே வந்தால் இவர் உட்கார்ந்திருந்தார். "சொன்னியா?"

"பாய் குடுத்தேன்."

"ஏண்டி, சத்தம் போட்டதுக்குச் சன்மானமா?"

அப்புறம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கட்டிலை அடுப்படிக்கு மாற்றினோம். அங்கே நேர் மேலே கிரைண்டர். அந்த வீட்டில் நாங்கள் இருந்த மட்டும் அவர் ஒரு பகல்கூட நிம்மதியாகத் தூங்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

கிரானைட் என்று எழுதிவிட்டேன், டைல்ஸோ என்னவோ. விவரம் தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள். அந்தப் பாய் இன்னும் பரணில்தான் இருக்கிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.