எங்கள் வீடு இருந்த இடம்

என் திருமண ஆல்பத்தில் என் அம்மா அழும் படம் ஒன்றுகூட இல்லை. வந்திருந்த படக்காரர் எல்லோரையும் சிரிக்கச் சொல்லிச் சொல்லியே எடுத்திருந்தார். ஆல்பத்துக்கு வெளியே வேறொரு படம் இருக்கிறது. அரியாங்குப்பத்தில் மண்டப வாசலில் நிற்கும் வேனின் ஜன்னல் கம்பியை அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள். வண்டி இன்னும் கிளம்பவில்லை. ஆனால் அவள் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்றே தோன்றும். வேனுக்குள் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து அந்தப் படத்தை எடுத்தவள் என் நாத்தனார். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். கேமரா யாரிடமோ இரவல் வாங்கியது. புகுந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போன ஆள் அவள்தான்.

அந்தப் புகுந்த வீடு பிள்ளைச்சாவடியில் கடலை ஒட்டி இருந்தது. என் கணவர் மீன்பிடிப் படகில் போகிறவர். நான் நகரத்தில், வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றில் நடக்கும் தங்கும் விடுதியில் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். அந்த விடுதியின் மஞ்சள் சுவருக்கு முன்னால் யாராவது நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. படிப்பு முடிந்ததும் நாத்தனாரும் அந்தச் சுவருக்குத்தான் வேலைக்கு வந்தாள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளை வெயில் ஏறுமுன் அங்கே நிறுத்தி எடுப்பாள். மணப்பெண்ணின் துப்பட்டாவை யாராவது பறக்கவிட வேண்டுமே, பல நாள் அதை நான் செய்திருக்கிறேன். சம்பாதித்ததை எல்லாம் அவள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்தாள். ராமேஸ்வரம், கேரளக் கரை, ஒடிசாக் கரை என்று கடலோரமாகவே போய், அங்கங்கே குடியிருப்பவர்களை அவரவர் வீட்டுக்குள் வைத்துப் படமெடுத்தாள். வீட்டில் அவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கும் அல்லவா, அங்கே உட்காரச் சொல்வாள். சாப்பிடும் இடம், தூங்கும் மூலை, சண்டை போட்டுவிட்டுப் போய் உட்காரும் படி. அவ்வளவுதான் அவளுடைய வேலை. அது எப்படிக் கலையாகும் என்று என் கணவர் கேட்பார். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் அந்த ஆட்களோடு ஒரு வாய் சாப்பிட்ட மாதிரி இருக்கும்.

என் மாமியாருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது.

"ஊர் ஊராப் போயி அடுத்தவன் ஊட்டப் புடிக்கிற. நம்ம ஊட்ட எப்பப் புடிப்ப?" என்று கேட்பார்.

"அது எங்கம்மா ஓடிடப் போவுது? இங்கதான இருக்கும்."

கடலோரம் குடியிருப்பவர்கள் அப்படிச் சொல்லக் கூடாதுதான். வருஷத்துக்கு வருஷம் கடல் கிட்டே வந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முன்னால் இருந்த தென்னைகள் போயின. வலை காயப்போடும் மணல் போனது. பிறகு எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த வீடுகள் போயின. ஆனாலும் சொந்த வீடு போகும் என்று யாரும் நினைப்பதில்லை. நினைத்தால் இரவு தூக்கம் வருமா?

பிரான்சில் ஒரு கடலோரச் சிற்றூரில் சில மாதம் தங்கிப் படமெடுக்க அவளுக்கு அழைப்பு வந்தது. ஐப்பசி தொடங்குமுன் கிளம்பினாள். அங்கிருந்து கல் வீடுகளும், அடுப்புப் பக்கம் உட்கார்ந்த கிழவர்களும் என் போனுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் ஒரு பகலில் கடல் எங்கள் பின்சுவரைத் தொட்டது. பெரிய சத்தமோ ஆர்ப்பாட்டமோ இல்லை. ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மண்ணை எடுத்துக்கொண்டு போனது. பிரிட்ஜ், கட்டில், சாமி படங்கள், வலை, பாத்திரம் என்று நாங்கள் தூக்கித் தூக்கி ரோட்டோரம் வைத்தோம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் கை கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அவள் வீடியோவில் கூப்பிட்டாள். "அண்ணி, ஊட்டக் காட்டுங்க, ஒரு தடவ காட்டுங்க" என்றாள். என் இரண்டு கையிலும் அரிசி டிரம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என் போனை வீட்டுப் பக்கம் பிடித்தபோது திரையில் மழைத்தண்ணீர்தான் தெரிந்ததாம். என் மாமியார் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து, சுவர் விழுவதைக் கடைசிவரை பார்த்தார். அதற்குப் பிறகு கடல் பக்கம் திரும்பவே இல்லை.

நெல்லித்தோப்பில் ஒரு மாடிவீட்டை வாடகைக்குப் பிடித்தோம். நாத்தனார் விமான நிலையத்திலிருந்து நேராக அங்கே வந்தாள். வந்தவளை மாமியார் ஏறிட்டும் பார்க்கவில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு, "இனிமே வந்து என்னத்தப் புடிக்கப் போற?" என்றார். அதுதான் பல வாரங்களுக்கு அவளிடம் அவர் பேசிய ஒரே பேச்சு.

அவள் எதையும் படமெடுக்கவில்லை. கேமராப் பையைப் பீரோ மேல் போட்டுவிட்டு, பழைய படங்களில் எங்கள் வீட்டைத் தேட ஆரம்பித்தாள். ஆயிரக்கணக்கில் யார் யார் வீடோ இருந்தது. எங்கள் வீடு துண்டுதுண்டாகக் கிடைத்தது: யாரோ ஒரு குழந்தை கேக் வெட்டும்போது பின்னால் தெரிந்த ஒரு ஜன்னல் பாதி, என் புடவை காயும் கொடிக்குப் பின்னால் கொஞ்சம் சுவர். முழு வீடு ஒன்றிலும் இல்லை. "ஊர்ல உள்ள எல்லாரையும் அவங்கவங்க எடத்துல உக்காரச் சொன்னேன் அண்ணி. எனக்குன்னு அந்த ஊட்ல ஒரு எடம் இருந்துச்சான்னே தெரியல" என்று ஒருநாள் சொன்னாள். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் விடுதி முதலாளியம்மா, மதாம் என்றுதான் கூப்பிடுவோம், பாரம்பரிய வீடுகள் பற்றி ஒரு கண்காட்சி வைக்க ஆசைப்பட்டார். பிரெஞ்சுத் தெருக்களின் வாசல்களையும் வளைவுகளையும் எடுத்துத் தர முடியுமா என்று அவளை அழைத்துக் கேட்டார். நல்ல மனுஷி, அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றுதான் கேட்டார். நாத்தனார் அந்த மஞ்சள் சுவரைப் பார்த்தாள். பிறகு, "எங்க ஊடும் பழசுதான் மதாம். அத எடுத்துத் தரட்டுமா?" என்றாள். மதாம் என்னைப் பார்த்தார். வீடு போனது அவருக்குத் தெரியும். "எடும்மா" என்றார்.

அன்று மாலை அவள் எங்களிடம் திட்டத்தைச் சொன்னாள். மாசி மாதம், கடல் அடங்கியிருக்கிறது. வீடு இருந்த இடத்தில் இப்போது முழங்கால் தண்ணீர்தான். நாம் எல்லோரும் போய் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். என் கணவர் சரியென்று தலையை ஆட்டினார். மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை நாங்கள் மூவரும் கிளம்பியபோது, மாடிப்படியில் மாமியார் எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தார். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"நீங்க போனா தப்புத் தப்பா நிப்பீங்க. நான் வந்து காட்றேன்."

கரைக்கு வந்ததும் நின்றார். அங்கே மீதம் இருந்தது பழைய வேப்பமரமும் அடிபம்பின் துருப்பிடித்த குழாயும்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாரையும் பிடித்துக்கொள்ளாமல் தண்ணீருக்குள் நடந்தார். நாங்கள் பின்னாலேயே போனோம். "ஏ, அடுப்பு மேல நிக்கிற, அந்தாண்ட போ" என்று மகனை விரட்டினார். என்னிடம், "தொவைக்கிற கல்லு இங்கடி, இன்னும் இந்தாண்ட வா" என்றார். நான் அங்கே போய் நின்றதும் என் கால் தானாகவே கொஞ்சம் அகன்று நின்றது. மாமியார் அடுக்களைக்குப் போய் அடுப்புக்கு முன்னால் நின்றார்.

நாத்தனார் கரையில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவில் கண்ணை வைத்திருந்தாள். அவளுடைய தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. மாமியாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"அங்க என்னா செய்யிற? உள்ள வா, புள்ள."

"நான் எங்கம்மா நிக்கிறது?"

"இது என்னா கேள்வி? ஜன்னலாண்ட. எனக்கு முதுகக் காட்டிக்கினு ரோட்டையே பாத்துக்கினு குந்துவியே. எத்தினி தடவ கூப்ட்டாலும் திரும்ப மாட்ட. நான் சோறு பொங்கிக்கினே உன் முதுகத்தான பாத்துக்கினு இருப்பேன்."

அவள் கேமராவைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டு ஓடி வந்தாள். மாமியார் அவள் தோளைப் பிடித்து ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டுத் தன் அடுப்புக்குத் திரும்பினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்குள் இருப்பவர்கள் அப்படித்தானே இருப்பார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் விடுதியின் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் நின்று பார்க்கிறார்கள். இவர்கள் ஏன் கடலுக்குள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள் என்று கேட்பார்கள். வீட்டில் இருக்கிறோம் என்று நான் சொல்வேன். சிலருக்குப் புரியும். நாத்தனார் அதே போல மற்றவர்களையும் எடுக்கிறாள். எங்கள் தெருக்காரர்கள், இந்தக் கரையில் வீடு இழந்தவர்கள் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். இப்போது அம்மாவும் பெண்ணும் தினமும் சண்டை போடுகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் அந்தக் காலையில் நடந்த ஒன்று அந்தப் படத்தில் இல்லை. எடுத்து முடித்ததும் மாமியார், "சரி, வாங்க" என்று கரையைப் பார்த்து நடந்தார். பத்தடி போனதும் சட்டென்று தலையைக் குனிந்து, இரண்டடி கழித்து நிமிர்ந்தார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. கடல் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, இறந்துபோன என் மாமனார் தரையை மேலே மேலே உயர்த்திக்கொண்டே வந்தாராம். வாசல் நிலையின் மேல்கட்டை மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் வாசலில் குனிந்துதான் வெளியே வர வேண்டும். நாத்தனார் அந்த இடத்துக்கு வந்தாள், குனிந்தாள். நானும் குனிந்தேன். கடைசியாக வந்த என் கணவர் ஏதோ நினைவில் நிமிர்ந்தபடியே வந்துகொண்டிருந்தார்.

மாமியார் திரும்பிப் பார்த்துப் பதறினார்.

"டேய், தல! குனிஞ்சி வாடா."

அவர் குனிந்து வந்தார்.