சாலோமியின் ஜன்னல்

ராதாபுரத்தில் எங்கள் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் சாலோமியைப் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அவள் ஜன்னலைத் திறப்பாள். அதற்கு முன்பே வாசலில் செருப்பும் பையும் வரிசையாகக் கிடக்கும். ஆள் டீக்கடையில் இருப்பார், செருப்பு அவருக்காக இடம் பிடித்திருக்கும். எது யாருடைய செருப்பு என்று அவளுக்குத் தெரியும். காலையில் அறுபது டோக்கன், அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது. சுற்றுவட்டாரத்துக்கே டாக்டர் அவர் ஒருவர்தான், என்ன செய்ய?

சாலோமி உவரிக்காரி. முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவள் படிப்பு பத்தாவதோடு சரி. பதினான்கு வருஷமாக அதே ஜன்னல்தான். எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் "வரிசையில வாங்க" என்பாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. நான் பள்ளிக்கூட வாத்தியார். "சார்" என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அதே மரியாதையோடு கடைசியில் உட்கார வைப்பாள்.

போன ஆவணியில் எனக்குக் காய்ச்சல். டோக்கன் ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்துக்கு அன்றைக்கு அதிகாரி வருகிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வலிக்கும்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை, சளிக்கு வந்தவன்கூட அவசரமென்றால் நெஞ்சுவலி என்றுதான் சொல்வான். அவள் உள்ளே விட்டாள். டாக்டர் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபோது அவள் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஐப்பசியில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா குற்றாலலிங்கம், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், வயது எழுபத்திரண்டு. விடிந்ததிலிருந்து வாயு என்று சொல்லி இரண்டு சோடா குடித்திருந்தார். டோக்கன் நாற்பத்தேழு. மணி எட்டரை ஆகியும் டாக்டர் பத்தொன்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை, நல்ல குளிர். அப்பாவின் சட்டை முதுகில் தொப்பலாக நனைந்திருந்தது. அது மழைத்தண்ணீர் இல்லை, வியர்வை. ஜன்னலுக்கு ஓடினேன்.

"ஏம்மா, அப்பாவுக்கு நெஞ்சுவலி. இப்பவே உள்ள விடணும்."

"போன தடவ ஒங்களுக்கு வந்த அதே வலியா சார்?"

சுருக்கென்றது. கோபம் தலைக்கேறியது. "நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று கத்தினேன். பின்னால் இருந்த இன்பமணி எழுந்து வந்தார். அவர் அம்மாவுக்கு டோக்கன் இருபத்தொன்று.

"என்ன வே, எங்கம்மா கால் வீங்கி நாலு மணியிலருந்து கிடக்கா. நாங்க என்ன திருவிழாவுக்கா வந்திருக்கோம்?"

சாலோமி என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தாள். "ஐயா, நெஞ்சு வலிக்கா?"

"வாயுதான் தாயி. என் நம்பர் வரட்டும்."

அட மனுஷா! அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸில் ஊரையே வரிசையில் நிறுத்தியவர். உயிர் போனாலும் முறை தவற மாட்டார். "ஏலே நடராஜ், பைய வந்து உக்காரு. மானத்த வாங்காத" என்று என்னையே அதட்டினார். பாதியில் குரல் கம்மியது.

"இருபது" என்று கூப்பிட்டாள் சாலோமி. இருபது உள்ளே போனார். அவ்வளவுதான், அப்பாவை இந்த பெஞ்சிலேயே பறிகொடுக்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

ஜன்னலுக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. அறுபது டோக்கனும் முடியாமல் சாலோமி வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் கையைத் தொட்டாள். "இடது கையத் தூக்குங்கய்யா." வலியில் பாதிதான் தூக்க முடிந்தது. வேறு எதுவும் கேட்காமல் சக்கர நாற்காலியை இழுத்து வந்தாள். இன்பமணி குறுக்கே நின்றார்.

"எக்கா, இது நியாயமா?"

"நியாயமில்ல. தள்ளுங்க."

கதவைத் தட்டாமல் திறந்தாள். இருபதை எழுப்பி வெளியே அனுப்பினாள். இ.சி.ஜி. தாளைப் பார்த்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு மாத்திரையை அப்பா கையில் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் நாங்குநேரி தாண்டும்போது அப்பா கண்ணைத் திறந்தார். "அந்த இருபதாம் நம்பர்காரர வெளிய அனுப்பிட்டாவளேலே" என்றார். நான் அழுதுகொண்டே அவரைத் திட்டினேன்.

திருநெல்வேலியில் அடைப்பை எடுத்தார்கள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

பதினோரு நாள் கழித்து, கூட்டம் கலைந்த பிறகு ஜன்னலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வீட்டிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆரம்பிக்கவே விடவில்லை.

"அப்பா?" என்றாள்.

"இருக்காவ. காலையில ரெண்டு இட்லி சாப்பிட்டாவ."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"இங்கனருந்து எத்தனையோ பேர வண்டியில ஏத்திவிட்டிருக்கேன் சார். பொழச்சாவளா இல்லையான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் திரும்பி வந்து எங்கிட்ட சொன்னதில்ல."