மடிப்பக்காவின் மூன்றாம் தேர்வு

லாண்டரியில் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டல் விரிப்பு எத்தனை பெரிதானாலும், அவள் மடித்தால் நாலு மூலையும் பிசகாமல் ஒட்டிக்கொள்ளும். கணவன் டச்சு பேசும் நாட்டுக்குப் போய் நாலு வருஷம். டச்சுப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் இவளுக்கு விசா. இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இருப்பு நாத்தனார் வீட்டில், தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு கட்டிலில்.

மூன்றாம் முறைக்கு நாத்தனார் கெடு வைத்துவிட்டாள்.

"பையனுக்குக் கல்யாணம்மா. அடுத்த மாசம் அந்த ரூம் வேணும். பாஸ் பண்ணிட்டுப் புருஷன்கிட்ட போ. இல்லேன்னா உங்கண்ணன் வீட்டுக்குப் போயிடு."

அண்ணன் வீட்டில் அவளுக்கு இடம் வாசல்வரைதான். அது நாத்தனாருக்கும் தெரியும்.

டச்சில் அவளைப் படுத்தியது நேர் வாக்கியம். வினைச்சொல் இரண்டாவதாக வந்து உட்கார வேண்டும். அவளோ தமிழ்ப் பழக்கத்தில் அதைக் கடைசிவரை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். 'ஓம்டாட்' என்று தொடங்கினால் மட்டும் மூச்சு வரும். ஏனென்றால் என்று அதற்குப் பொருள். அதன் பின்னால் வரும் துணை வாக்கியத்தில் வினை தானே கடைசிக்குப் போய்விடும்.

பாடம் நடத்திய பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, டீயா காபியான்னு கேட்டாலும் 'ஏன்னா'ன்னு ஆரம்பிக்கிறீங்க. போலீஸ்ல மாட்டின மாதிரி."

"அதுல நான் விழமாட்டேனேம்மா."

ஏனென்றால் நான் என் கணவனோடு வாழ விரும்புகிறேன். இந்த வாக்கியத்தை அவள் சொல்லிச் சொல்லி, விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் தோழிக்கும் டச்சில் மனப்பாடம். "நீ பாஸாகிறியோ இல்லியோ, நான் பாஸுடி. உன் புருஷனை வரச் சொல்லு, நான் போறேன்" என்பாள்.

தேர்வறையில் ஆள் இல்லை. மூன்று பக்கமும் தடுப்பு, காதில் ஹெட்போன், முன்னால் திரை. எங்கே வேலை என்று கேட்டது. வினையைச் சூட்டோடு இரண்டாம் இடத்தில் இறக்கிவைத்தாள். பிறகு அந்தக் கேள்வி: ஏன் அங்கே போக விரும்புகிறீர்கள்?

"ஓம்டாட்..." என்றாள். கணவன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். போன் திரையில் தெரியும் நெற்றியும் ஒரு கண்ணும்தான் வந்தன. அதற்குள் வாய் முந்திக்கொண்டது: ஏனென்றால், இருக்கிற வீட்டில் இனி என்னால் இருக்க முடியாது.

ஒரு பிழை இல்லை. திரை அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. அவளால்தான் போக முடியவில்லை. இரண்டு கேள்விகளுக்கு அவள் மூச்சுதான் பதிவானது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மயிரிழையில் தேறியிருந்தாள். நாத்தனார் கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எப்ப கிளம்புற?"

"விசாவுக்கு ஆறு மாசம் ஆகுமாம், அண்ணி."

நாத்தனார் அடுக்களைக்குப் போகும் நடைவழியில் உட்கார்ந்து, சுவருக்குச் சுவர் சாண் போட்டு அளந்தாள்.

"கட்டில் நுழையாது," என்றாள். "பாய் நுழையும்."