லாபியில் வீணை உத்தியோகம்

1. மெதுவா

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேனேஜர் சுரேஷ் எனக்குக் கொடுத்த முதல் உத்தரவு, "மேடம், கொஞ்சம் மெதுவா வாசிங்க" என்பது. நான் காலப்பிரமாணத்தைக் குறைத்து விளம்ப காலத்தில் வாசித்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"அது இல்ல மேடம். சவுண்டு. சவுண்டு மெதுவா."

மைக்கின் ஒலியைக் குறைத்தேன். மறுபடி வந்தார். இன்னும் குறைத்தேன். மாலை ஆவதற்குள் என் வீணை எனக்கே கேட்காத நிலைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அவர் முகம் மலர்ந்தது. "ஆ, சூப்பர் மேடம். இப்ப கரெக்டா கீது."

திருப்பதியில் மலைக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு பெரிய ஓட்டல் அது. லாபியில் செயற்கை நீரூற்று, அதன் பக்கத்தில் சிவப்புத் துணி விரித்த சின்ன மேடை, அதன்மேல் நான். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம்.

வீணைக்கு நான் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தூர்ப் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. இசைக் கல்லூரியில் வாய்ப்பாட்டு படிக்கத்தான் விண்ணப்பித்தேன். வாய்ப்பாட்டுக்கு இடம் இல்லை, வீணைக்கு ஆள் இல்லை. "ஏதோ ஒண்ணு படிச்சிட்டு வா" என்றார் நைனா, என் அப்பா. அப்படி ஏதோ ஒன்றாக வந்ததுதான் என் வாழ்க்கையாகிவிட்டது. டிப்ளமா முடித்த பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. என் வகுப்பு நேரத்தைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தரமாட்டார். நாள் முழுக்க வீணை வாசிக்கச் சம்பளம் தருகிறோம் என்று ஓட்டல்காரர்கள் சொன்னபோது எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது.

லாபிக்கு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையிறங்கி வந்த கூட்டம். மொட்டைத் தலையில் சந்தனம், கையில் லட்டுப் பை. பாதிப் பேர் என்னிடம் கேட்டது, லிஃப்ட் எந்தப் பக்கம் என்று. மீதிப் பேர் கேட்டது, இது சித்தாரா என்று. ஒருவர் லட்டுப் பையை என் வீணையின் யாளி முகத்தில் மாட்டிவிட்டு, இரண்டு கையும் காலியாகி, நிம்மதியாக செக்-இன் ஃபாரம் எழுதினார். நான் அப்போது ஆலாபனையின் நடுவில் இருந்தேன். பையோடு சேர்த்தே வாசித்து முடித்தேன். போகும்போது "தேங்க்யூ" என்றார். வாசிப்புக்கா, பையைத் தாங்கியதற்கா என்று நான் கேட்கவில்லை.

2. கைய மட்டும் ஆட்டுங்க

இரண்டு மாதம் கழித்து சுரேஷ் ஒரு பென் டிரைவோடு வந்தார்.

"மேடம், கெஸ்ட்டுங்க ஃபீட்பேக் என்னன்னா, ம்யூசிக்கு கொஞ்சம் டல்லா கீதாம். இதுல ஃப்ளூட்டு, வீணை, வயலின் எல்லாம் மிக்ஸ் பண்ணி ரெடியா கீது. இத போட்டுருவோம்."

"அப்ப நான்?"

"நீங்க வழக்கம்போல உக்காருங்க. கைய மட்டும் ஆட்டுங்க. டென்ஷன் லேது."

இந்த இடத்தில் நான் கொதித்தெழுந்ததாக எழுதலாம். நடந்தது அது அல்ல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சுருதி சேர்க்க வேண்டாம், கம்பி அறுந்தால் கவலை இல்லை, தப்பு வாசித்தால் கண்டுபிடிக்க ஆள் இல்லை. பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, கம்பிக்கு மேலே விரலை மிதக்கவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது. வேறு எந்த வித்வானுக்கும் இவ்வளவு சுகமான உத்தியோகம் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் வீணையை உறையைவிட்டு எடுப்பதே இல்லை. ஆறு மணி நேரம் வாசித்த களைப்பு! வாசிக்கவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வராது.

ஒருநாள் நைனா ஊரிலிருந்து ஒரு பை மாம்பழத்தோடு வந்தார். நீரூற்றுப் பக்கத்து சோபாவில் நுனியில் உட்கார்ந்து, முழுசாக ஒரு மணி நேரம் கேட்டார். இடைவேளையில் வந்து நின்றார். கண் கலங்கி இருந்தது.

"நல்லா வாசிச்சம்மா. எனக்கு இன்னா தெரியும், ஆனா நெஞ்சுல வந்து நின்னுக்கிச்சு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அந்தப் புல்லாங்குழலும் நீதான் வாசிக்கிறியா?"

"இல்ல நைனா, அது வேற ஆளு" என்றேன். வீணையும் வேறு ஆள்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கொண்டுவந்த மாம்பழத்தை அன்றைக்கு என்னால் தின்ன முடியவில்லை.

3. சித்தூர்

ஒரு வருடம் இப்படிப் போனது. நவராத்திரிக்குச் சித்தூரில் ஒரு கச்சேரி வந்தது. ஏற்பாடு செய்தவர் மிருதங்கம் கோவிந்தன். டிப்ளமா படித்த நாளிலிருந்து தெரிந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்றரை மணி நேரம், முக்கிய ராகம் தோடி என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் மட்டும் வீட்டில் எடுத்துப் பார்த்தேன். தினமும் வீணையோடுதானே உட்கார்ந்திருக்கிறேன், போதும் என்று ஒரு தைரியம்.

தொடக்கத்தில் வாசித்த வர்ணம் ஒருவழியாக ஓடியது. தோடியில் மாட்டிக்கொண்டேன். வீணையில் தோடி வாசிப்பதென்றால் கம்பியை, மெழுகில் பதித்த உலோகக் கட்டையான மெட்டின் மேலே பக்கவாட்டில் இழுத்து இழுத்துத்தான் ஸ்வரம் அசைகிற கமகத்தை வரவழைக்க வேண்டும். அதற்கு இடது கையின் இரண்டு விரலிலும் தோல் காய்த்திருக்க வேண்டும். எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே அங்கே கறுப்பாக இரண்டு கோடு இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயியில் ஒரு பெரிய இழுப்பு இழுத்தபோது ஆட்காட்டி விரலில் சுருக்கென்றது. அடுத்த இழுப்பில் கம்பி வழுக்கியது. குனிந்து பார்த்தால் மெட்டின் மேலே ரத்தம்.

அரை மணி நேரம் வாசிக்க வேண்டிய தோடியை ஏழு நிமிடத்தில் முடித்தேன். கோவிந்தன் ஒன்றும் கேட்காமல் மிருதங்கத் தனி ஆவர்த்தனத்தை நீட்டிக்கொண்டே போய் என் மானத்தைக் காப்பாற்றினார்.

கச்சேரி முடிந்ததும் விழாக் கமிட்டிக்காரர் சால்வை போர்த்தினார். "அத்புதம் மேடம்! ஷார்ட் அண்ட் ஸ்வீட்டு. போன வருசம் வந்த ஆளு இழுத்துக்கினே கெடந்தாரு." கூட்டம் கைதட்டியது. ஒருவர்கூடக் கவனித்திருக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது.

பின்னால் கார் அருகே கோவிந்தன், "வனஜா, வெரல காட்டும்மா" என்றார். காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

"காய்ப்பே இல்லியே. பள்ளிக்கூடத்துப் பொண்ணு கை மாதிரி கீது. தெனம் ஆறு மணி நேரம் வாசிக்கிறன்னு சொன்ன?"

"உக்காந்துக்கினு இருக்கறேன்" என்றேன்.



4. இருமல்

திருப்பதிக்குத் திரும்பிய மறுநாளே மைக் வயரைப் பிடுங்கிப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, லாபியில் உண்மையாகவே வாசிக்க ஆரம்பித்தேன். ஸ்பீக்கரில் பென் டிரைவ் ஓடும். அதற்கு அடியில், நீரூற்றின் சத்தத்துக்குள் நான். ராகம் கீகம் ஒன்றும் கிடையாது. ஆரம்பப் பாடமான சரளி வரிசை மூன்று வேகத்தில், ஜண்டை வரிசை மூன்று வேகத்தில். பிறகு தோடியில் வழுக்கிய அதே ஸ்வரப் பிடி, நாற்பது தடவை, ஐம்பது தடவை. முதல் வாரம் விரலில் பிளாஸ்டர். பிறகு கொப்புளம். பிறகு கொப்புளத்தின் மேலே தோல். ஓட்டல் எனக்கு ஏசி போட்டு, டிபன் கொடுத்து, சம்பளமும் கொடுத்து சாதகப் பயிற்சி செய்ய வைத்தது. அவர்களுக்குத் தெரியாது என்பது மட்டும்தான் ஒரு குறை.

தெரிந்த ஒரே ஆள் வாசல் செக்யூரிட்டி முனிரத்தினம். பாகாலா ஊர்க்காரர். அவர் நாற்காலி மேடைக்கு மூன்று அடி தூரத்தில்.

"இன்னாம்மா, ரெண்டு நாளா ஒரே எடத்துல சுத்திக்கினு கீறியே, பாட்டு மறந்துபோச்சா?"

உண்மையைச் சொன்னேன். யோசித்தார். "அப்ப மேனேஜர் வந்தா நான் இருமறேன். நீ நிறுத்திக்கோ."

ஒன்றரை வருடம் அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது. அவர் இருமிய இருமலில் சுரேஷ் பயந்துபோய் அவரை இரண்டு முறை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். நுரையீரல் சுத்தமாக இருப்பதாக இரண்டு முறையும் ரிப்போர்ட் வந்தது.

5. மூன்று ஸ்டார்

எங்களை மாட்டிவிட்டது ஒரு விருந்தாளி. பெங்களூரிலிருந்து வந்தவர். ஊருக்குப் போய் இணையத்தில் ரிவியூ எழுதினார்: ரூம் நன்று, இட்லி நன்று, ஆனால் லாபியில் வீணை வாசிக்கும் பெண்மணியின் விரல் ஒரு பக்கம் போகிறது, இசை ஒரு பக்கம் போகிறது, இது ஏமாற்று. மூன்று ஸ்டார்.

சுரேஷ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "மூணு ஸ்டார் மேடம்! வெரலு மேட்ச் ஆவலியாம். ஏன் ஆவல?"

"நான் வேற வாசிச்சிக்கினு இருந்தேன் சார்."

"வாசிச்சிக்கினா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "உங்கள யாரு மேடம் வாசிக்கச் சொன்னது?"

வீணையைத் தொட்ட இருபது வருடத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அவர் குரலைத் தணித்தார். கெட்ட மனிதர் இல்லை, பிரச்சினையைத் தீர்த்துவைக்க நினைத்தார், அவ்வளவுதான். "சரி, வுடுங்க. ஓனர்கிட்ட பேசிட்டேன். கம்பி கீறதாலதான உங்களுக்கு வாசிக்கணும்னு தோணுது? எடுத்துருவோம். தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது." திரும்பிக் கை காட்டினார். ஓட்டல் எலக்ட்ரீசியன் கட்டிங் பிளையரோடு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்.

சித்தூரில் ரத்தம் வந்தபோதுகூட நான் பதறவில்லை. அந்தப் பிளையரைப் பார்த்ததும் பதறிவிட்டேன். ஓடிப்போய் இரண்டு கையாலும் கம்பிகளைப் பொத்திக்கொண்டேன். மொட்டைத் தலைகள் நாலைந்து திரும்பிப் பார்த்தன. ஒருவர் இதையும் போட்டோ எடுத்தார்.

"வேணாம் சார். நான் போறேன்."

"அய்யோ, எந்துக்கு மேடம் இவ்ளோ ஃபீலிங்கு? வெறும் கம்பிதான?"

வீணையை உறையில் போட்டேன். முனிரத்தினம் ஒரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். அவர் இருமவில்லை. தேவையும் இல்லை.

பத்து நாள் கழித்து போன் செய்தார். "உனக்குப் பதிலா ஒரு பொம்மை வாங்கி வெச்சிட்டாங்கம்மா. பட்டுப் பொடவ, பூவு, கையில வீணை, எல்லாம் கீது. ஜனங்க போட்டோ புடிச்சிக்கினே கீறாங்க. தெனம் வர்ற பால்காரன் ஒருத்தன் அத்தப் பாத்து வணக்கம்மான்னு சொல்லிட்டுப் போறான்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு வீணையை உறையிலிருந்து எடுத்தேன்.

6. கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

பிறகு ஒரு வருடம் வீட்டில் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினேன். வானொலிக் கலைஞர் தேர்வுக்கு விண்ணப்பித்தேன். அது எப்படி நடக்கும் என்று இதைப் படிக்கிற, வீணை கற்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து வாசிப்பீர்கள். பதிவு செய்கிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். மதிப்பெண் போடுகிறவர்கள் ஒலியை மட்டும் கேட்பார்கள். உங்கள் பெயர் தெரியாது, முகம் தெரியாது.

வழக்கம்போலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பதிவு செய்கிறவர் தலையைக் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். பைரவியில் ஆரம்பித்தேன். நாலாவது நிமிடத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"அம்மா, ஒரு நிமிசம். மேல் நிஷாதம் கொஞ்சம் தாழ்ந்து கேக்குது. வெயில்ல வந்தீங்களா? மெழுகு இளகி மெட்டு நகந்துட்டிருக்கும். பாத்துட்டு வாசிங்க."

மெட்டைத் தொட்டுப் பார்த்தேன். நகர்ந்துதான் இருந்தது, ஒரு நூல் அளவு. மூன்று வருடம் ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். என் தப்பு ஒன்றைக் காதால் கண்டுபிடித்த முதல் மனிதர், என் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காத அந்த ஆள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மெழுகைச் சரிசெய்ய அங்கே வசதி இல்லை. அந்த நிஷாத ஸ்வரம் வரும்போதெல்லாம் கம்பியை ஒரு பொட்டு கூடுதலாக இழுத்து சுருதியைச் சேர்த்துக்கொண்டே வாசித்து முடித்தேன். விரல் தாங்கியது. தேர்வும் ஆனேன்.

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். கையை மட்டும் ஆட்டச் சொல்லிச் சம்பளம் தர ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வயிறு இருக்கிறதே, போய் உட்காருங்கள், தப்பில்லை, நானும் உட்கார்ந்தேன். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உண்மையாக வாசியுங்கள், கேட்க நீரூற்று மட்டும் இருந்தாலும் சரி. கைதட்டுகிறவர்களை நம்பாதீர்கள், அவர்கள் எதற்கும் தட்டுவார்கள். வாரத்துக்கு ஒருமுறை விரல் நுனியைத் தடவிப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

பிளையரோடு யாராவது படியேறினால் மட்டும், கம்பியைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.