கடைசியாக மண்டியிட்டவர்

நற்கருணைப் பாத்திரம் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு மனிதரின் தொண்டைக்குழிதான். ஆராதனையில் மண்டியிட்டு அதிலிருந்து திராட்சரசம் குடிக்கிறவருக்குக் குழி ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். அவருக்கு அசையவே இல்லை. பக்தர்கள் கண்ணை மூடிக்கொள்ளும் அந்த நேரத்தில் இவன் ஏன் பக்கத்து ஆளின் கழுத்தைப் பார்த்தான் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் பிறந்தவனுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு ஊட்டப்படுவது.

முப்பதுகளில் நடந்தது இது. பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போகும் வழியில் ஆங்கிலிக்கன் சபையார் ஒரு சிறிய வேதசாஸ்திரப் பள்ளி நடத்தினார்கள். ஆறு பேர் குருப்பட்டத்துக்குப் படித்தோம். ஐந்து பேர் சேரிகளிலிருந்து வந்த கூலிக்கார வீட்டுப் பிள்ளைகள். ஆறாமவர் மல்லசமுத்திரத்துப் பக்கம் காடு தோட்டம் உள்ள மேல்சாதிக் குடும்பம். சொந்தபந்தம் அத்தனையையும் எதிர்த்துக்கொண்டு தன்னந்தனியாகக் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். அவரை மல்லசமுத்திரத்தார் என்றே அழைத்தோம். பள்ளித் தலைவர் ஆங்கிலேயர்; பாதிரிமாரை ஐயர் என்பது எங்கள் வழக்கம், அவரை வார்டன் ஐயர் என்போம். பந்தியிலோ பாத்திரத்திலோ சாதி பார்க்கிறவனைப் பேராயர் முன்னால் நிறுத்தமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் நிறுத்தாவிட்டால் பட்டம் கிடையாது.

மல்லசமுத்திரத்தார் எங்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து, எங்கள் ஆள் சமைத்த சோற்றைத்தான் சாப்பிட்டார். எனக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவரும் அவர்தான். ஆனால் சோறு வேறு, எச்சில் வேறு. ஐந்து பேர் வாய் வைத்த விளிம்பில் தானும் வாய் வைப்பதுதான் எங்கள் நாட்டில் பரீட்சை. மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும், அதுவரை எங்கே இடம் கிடைத்தாலும் மண்டியிட்டவர், எப்போதும் கடைசியாகவே வரத் தொடங்கினார். தன் டம்ளரைத் தனியாக ஜன்னலில் வைத்துக்கொண்டார். அதை வேறு யாரையும் தொட விடாமல் சாம்பல் போட்டுத் தானே தேய்த்தார். அதன் பிறகுதான் நான் அவர் கழுத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாத்திரம் உதட்டருகே போனது, திரும்பியது, அவ்வளவுதான்.

"ஊட்டு வளப்பு அத்தன சீக்கிரம் உட்டுப் போயிருமா?" என்றார் எங்களில் ஒருவர். யாரும் மறுக்கவில்லை. கஞ்சி ஊட்டிய கையை நினைத்து எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கஞ்சி ஊட்டினால் அது தர்மக் கணக்கில் சேரும், எச்சில் குடித்தால்தான் சமம் என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். விஷயத்தை வார்டன் ஐயரிடம் கொண்டுபோனது யார் என்பது இன்றுவரை தெரியாது. நான் இல்லை. நம்புவது உங்கள் இஷ்டம்.

ஒரு சனிக்கிழமை மாலை ஜெபம் முடிந்ததும் எங்கள் எல்லார் முன்னிலையிலும் வார்டன் ஐயர் மல்லசமுத்திரத்தாரிடம் சொன்னார்: "நாளைக்கு நீர் முதலில் மண்டியிடும்."

"வேண்டாமுங்க ஐயா. நான் கடைசீலயே வாரேனுங்க."

"முதலில்" என்றார் அவர் மறுபடியும். எங்களுக்குள் ஒரு பார்வை ஓடியது. பிடிபட்டான் என்ற சந்தோஷம்தான் அந்தப் பார்வையில் இருந்தது.

மறுநாள் அவர் முதலில் மண்டியிட்டார். அடுத்து நான். பாத்திரம் அவர் முகத்துக்கு நேரே வந்ததும் உள்ளங்கையால் அதை மூடினார். "எனக்கு நெஞ்சுல சீக்குங்க ஐயா. இருமுனா ரத்தம் வருதுங்க. எனக்குப் பின்னால இவங்கெல்லாம் குடிக்கோணுமுங்க. கடைசீலன்னாலும் மிச்சத்த நீங்க குடிக்கோணும். அதனாலதான் வாய் வெக்கலீங்க." வார்டன் ஐயர் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். குடித்தேன். ருசி தெரியவில்லை.

சாதி பார்த்தவனுக்குப் பட்டம் இல்லை என்பதுபோல, சயரோகக்காரனுக்கும் பட்டம் இல்லை. அது தெரிந்துதான் மனிதர் அத்தனை நாள் இருமலை முழுங்கியிருக்கிறார். அந்த வாரமே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் எங்கள் வாய் ஓயவில்லை. சாதிக்காரன் என்று வெளியே போவதைவிடச் சீக்காளி என்று போவது கௌரவமாயிற்றே, அதனால் கட்டிவிட்ட கதையாக இருக்கும் என்று பேசிக்கொண்டோம். இத்தனை வருஷம் ஐயராக இருந்து எத்தனையோ பேரின் பாவ அறிக்கையைக் கேட்டாயிற்று. சொன்ன சொல்லை அப்படியே நம்பும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. அன்றைக்கு எப்படி வந்திருக்கும்? நேரில் பார்த்துவிடுவது என்று கோடை விடுமுறையில் மல்லசமுத்திரத்துக்குப் புறப்பட்டேன்.

அவருடைய அம்மா வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து எழுந்து நின்று, "வாங்க சாமி, எந்தப் பக்கமுங்க?" என்றார். ஊரைச் சொன்னேன். எந்தத் தெரு என்றார். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் பேச்சில் 'ங்க' இல்லை. "மாட்டுக் கொட்டாயில கெடக்கறான். அங்கயே போய் உக்காரு."

கொட்டகை மூலையில், கயிற்றுக் கட்டிலில், பாதியாக இளைத்துக் கிடந்தார். தலைமாட்டில் சாம்பல் போட்ட சட்டி, சாம்பலில் சிவப்பு. பார்த்ததும் சாணித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் எதற்கு வந்தேன் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அம்மா இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தரையில் வைத்து, செம்பு படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். ஒன்று எனக்கு. மற்றது யாருக்கு என்று பார்த்தேன். மல்லசமுத்திரத்தார் கட்டிலிலிருந்து கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டார்.

"உங்களுக்குமா?" என்றேன்.

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. "ஆமாங்க. சீக்குக்குத் தர்றாங்களா, வேதத்துல சேந்ததுக்குத் தர்றாங்களான்னு நானும் கேக்கலீங்க" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.