முதல் வேண்டாம்

சென்ற மாதம் அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாணச் சாப்பாடு. பாயசம் வந்தது. "வேணாம்ப்பா" என்று இலைக்கு மேல் கையை விரித்தேன், வழக்கம்போல் விரல்களுக்கு நடுவே இடைவெளி விட்டு. பரிமாறியவர் சரியென்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். அவர் மேல் பிழையில்லை. சர்க்கரை நோயாளி என்று நினைத்திருப்பார்; அதுவும் உண்மைதான். ஆனால் அந்த ஏலக்காய் வாசனை கை கழுவும் இடம்வரை கூடவே வந்து, என்னை ஏழுமலையிடம் கொண்டுபோய் விட்டது.

ஏழுமலை அனகாபுத்தூரில் தறி நெய்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் இளைஞர் சங்கம் ஞாயிறுதோறும் கூடும். பஜ்ஜித் தட்டு சுற்றி வரும்போது ஏழுமலை முதல் தடவை வேண்டாம் என்பான். இன்னொரு தடவை வற்புறுத்தினால் இரண்டாக எடுத்துக்கொள்வான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான், அவன் கொஞ்சம் கூடுதல். கேட்டவுடன் கை நீட்டினால் 'அலையறான்' என்பார்கள் எங்கள் வீடுகளில்.

கிழக்கு ஜெர்மனியின் இளைஞர் அமைப்பு ஒன்று எங்களோடு தோழமை கொண்டிருந்தது. அவர்கள் வழவழப்பான பத்திரிகைகள் அனுப்பினார்கள். நாங்கள் வாழ்த்து அனுப்பினோம். உலகப் புரட்சியில் தாம்பரத்தின் பங்கு அவ்வளவுதான் என்று இப்போது சிரிக்கிறேன்; அப்போது சிரிக்கவில்லை. ஒருநாள் அங்கிருந்து யூர்கன் என்ற இளைஞரே வந்தார். மாலைக்குள் அவர் பெயரை அர்ஜுன் ஆக்கிவிட்டோம். அவர்கள் நாட்டுக் கோடை முகாமுக்கு எங்களில் ஒருவரை அழைக்கப்போகிறார், தொழிலாளியாக இருந்தால் நல்லது என்கிறார் என்று முன்பே தெரியும். ஏழுமலை பல்லாவரத்து ஸ்டூடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். எங்கள் எல்லோரிடமும் காட்டியிருந்தான்.

யூர்கன் அவனைத்தான் முதலில் கேட்டார். பள்ளி ஆசிரியரான டேனியல் சார் அதைத் தமிழில் சொன்னார். ஏழுமலை எழுந்து, பையைத் தொட்டுக்கொண்டே சொன்னான்: "நா இன்னாத்துக்கு சார்? இங்கிலீஷ் தெரிஞ்சவங்க யாராச்சும் போவட்டும்."

டேனியல் சார் ஒரு சொல் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னார். யூர்கனுக்கு வருத்தம்தான், ஆனால் மறுத்தவரை வற்புறுத்துவது அவருக்கு மரியாதைக் குறைவு. என் பக்கம் திரும்பினார். நான் அப்போது ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன், ஆங்கிலம் தெரிந்தவன். அது வெறும் முதல் 'வேண்டாம்'தான் என்பது மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், யூர்கனைத் தவிர. இன்னொரு தடவை கேளுங்கள் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நான் சொல்லியிருக்கலாம். "யெஸ்" என்றேன், கேட்டவுடனே.

முதலில் கை தட்டியவன் ஏழுமலை. நான் முகாமுக்குக் கிளம்பியபோது என் பெட்டியைத் தாம்பரம் ஸ்டேஷன்வரை அவன்தான் தூக்கி வந்தான். திரும்பி வந்து நான் ஏரி, ரயில், நெசவாலை என்று அளந்தேன். நெசவாலையை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னான்.

பிறகு சங்கம் கலைந்தது. பல வருஷம் கழித்து அந்த நாடு மறைந்த செய்தி என் மேஜைக்கு வந்தது. அதற்குள் உதவி ஆசிரியராகியிருந்த நான்தான் தலைப்பு போட்டேன். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஏழுமலையைப் பார்த்தேன்.

"இன்னா மச்சான், அந்த நாடே இப்ப இல்லியாமே?"

"இல்ல ஏழுமலை. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு."

குனிந்து பழைய இரும்புக் குவியலைக் கிளறினான்.

"உடு. நம்மள்ல நீயாச்சும் பாத்துட்ட."